வலி மாத்திரை: அட்டையின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். முழங்கால் வலிக்கோ இடுப்பு வலிக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை அநேகமாக உங்கள் வீட்டிலும் இருக்கும். முடிந்தால் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விட்டுவிடுங்கள். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண் தெரியவில்லை என்றால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்ஸிப், மெஃபெனமிக் ஆசிட். இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். ஆறும் ஒரே குடும்பம். ஒரு சமயத்தில் இதில் ஒன்றைத்தான் சாப்பிடலாம். இரண்டு கூடாது.

யாராவது தெரிந்தே இரண்டு சாப்பிடுவார்களா என்று கேட்பீர்கள். தெரியாமல்தான் நடக்கிறது. மூட்டு டாக்டர் அசெக்ளோஃபினாக் எழுதியிருப்பார். அதே வாரம் பல் பிடுங்கப் போனால் பல் டாக்டர் டைக்ளோஃபினாக் எழுதுவார். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. அட்டையின் பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் நமக்கும் சந்தேகம் வராது. அசெக்ளோஃபினாக் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, அதோடு சரி. டைக்ளோஃபினாக் ஒரு நாளைக்கு மொத்தம் 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுக்குள் ரத்தம் கசியும் ஆபத்துதான் கூடும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

அதே அட்டையில் பாராசிட்டமால் 325 என்றும் இருக்கலாம். அது இந்தக் குடும்பம் இல்லை, ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. அதற்கு மேலே, உடம்பு சுடுகிறதென்று பாராசிட்டமால் 650 போட்டால் இதையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம்தான் எல்லை. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அதைவிடக் குறைவு, எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

“மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது” என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. வலியைக் கூட்டுகிற புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிக்க விடாமல் இந்த மருந்துகள் தடுக்கின்றன. அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகவும் உதவுகிறது. ஊசியாகப் போனாலும் மருந்து ரத்தத்தில்தானே கலக்கிறது? வயிற்றுக்குத் துணையாகப் பேன்டோப்ரசோல் 40 எழுதியிருந்தால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேன்டோப்ரசோல் வயிற்றைத்தான் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது. இதைச் சொல்லும்போது கழுகுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றம் மலையில் உச்சி வேளைக்கு வந்து பொங்கல் சாப்பிட்டுப் போன கழுகுகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அவை ஏன் வராமல் போயின என்பது வேறு கதை, நான் சொல்வது நாடு முழுக்க இருந்த பிணந்தின்னிக் கழுகுகளின் கதை. 1990களில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஏதோ கிருமி என்றுதான் முதலில் தேடினார்கள். காரணம் டைக்ளோஃபினாக் என்று 2004-இல் தெரிந்தது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் சில நாட்களில் முடக்கிவிட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை, அதனால் 2015-இல் குப்பியையே 3 மில்லிக்குள் சுருக்கினார்கள். நீலகிரி மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சிய கழுகுகளைக் காக்க இன்றும் பாடுபடுகிறார்கள்.

மனித உடம்பு இந்த மருந்தைக் கழுகைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் மருந்து கைவைக்கிற இடம் அதேதான். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் மாதிரி ரத்த அழுத்த மாத்திரையும், அதோடு நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறவர் வலி மாத்திரையையும் சேர்த்தால், சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. சென்னையில் அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதும், வாந்தி பேதியில் நீர் வற்றிப் போனபோதும் இன்னும் மோசம். அப்படிப்பட்ட நாட்களில் டாக்டரைக் கேட்காமல் அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், இந்தக் குடும்பத்து மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். மீதமிருக்கும் வலி மாத்திரையை அதற்குப் போடவே கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான். இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நேரம் முடியப்போகிறது, டிராமடால் என்ற வலி மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது வேறு வகை. பழக்கமாகிவிடும் என்பதால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது, மதுவோடு சேரவே கூடாது. வலிப்பு நோய் இருந்தாலோ மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். பல நாட்கள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் அவர் சொல்கிறபடி அளவைக் குறைத்து நிறுத்துங்கள். எந்த மாத்திரையானாலும் பக்க விளைவு தெரிந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். வணக்கம்.