செக்குக்கு முன்னே களம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னே நயம்படப் பேசி அமர்ந்த வேளாண் பேராசிரியர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவே வந்திருக்கும் வனத்துறை அலுவலர்களே, நாற்காலி கிடைக்காமல் தூணோரம் நிற்கும் செக்குக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம். மரக்கொட்டை எண்ணெயின் தன்மை, பயன், பிண்ணாக்கு என மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன்.

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பார்கள். மரக்கொட்டை எண்ணெயையும் நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம், வேறு வழியில்லாதபோது தொடுகிற பொருளாக. புன்னைப் பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். இலுப்பைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி. இலுப்பையெண்ணெயில் பால்மிட்டிக், ஸ்டியரிக் என்ற உறையும் கொழுப்பமிலங்கள் கணிசம். குளிரில் உறையும், சோப்பு கெட்டியாக வரும். புங்கெண்ணெயில் ஒலியிக் என்ற இளகிய கொழுப்பமிலம் மிகுதி என்பதால் இளகியே நிற்கும். ஆனால் கரஞ்சின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது, சமையலுக்கு ஆகாது.

ஒரு பம்புசெட்டுக்காரர் கதை உண்டு. இரவில் டீசல் தீர்ந்துவிட்டது. கொல்லையில் ஒரு டின் புங்கெண்ணெய். ஆலையில்லா ஊர்தானே என்று அப்படியே டேங்கில் ஊற்றிவிட்டார். இன்ஜின் ஓடியது! ஊரே கூடியது. மச்சினர் மீசையை முறுக்கி, "இனி டீசல்காரன் நம்ம வீட்டு வாசலுக்கு வரணும்" என்றார். மூன்றாம் நாள் கரும்புகை. நாலாம் நாள் மூச்சே இல்லை. மெக்கானிக் எரிபொருளைச் சீறவிடும் இன்ஜெக்டரைக் கழற்றினார், முனை முழுக்கக் கரி. "அண்ணே, உள்ளே விளக்கேத்தி வெச்சிருந்தீங்களா?" என்றாராம். (சிரிப்பு)

காரணம் இதுதான். அந்த எண்ணெயின் பிசுபிசுப்பு டீசலைப் போலப் பத்து மடங்கு. புகைபோலச் சீறவேண்டியது துளியாக விழுந்து, அரைகுறையாக எரிந்து, கரியாகப் படிகிறது. மெத்தனாலும் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரமும் சேர்த்து பயோடீசல் ஆக்கினால் இந்தக் குறை தீரும். ஆனால் எண்ணெய் உடைந்து பிரிந்து நிற்கும் தனிக் கொழுப்பமிலம் 2 சதவீதத்தைத் தாண்டினால் காரம் அதோடு சேர்ந்து சோப்பாகும்; துணைப்பொருளான கிளிசரால் பிரியாது. அப்போது முதலில் மெத்தனாலையும் கந்தக அமிலத்தையும் கொண்டு அந்தக் கொழுப்பமிலத்தைக் குறைக்க வேண்டும். இரட்டை வேலை, இரட்டைச் செலவு.

இந்தக் கொழுப்பமிலம் எங்கிருந்து ஏறுகிறது? ஈரக்கொட்டையைக் கோணியில் கட்டிக் குவிக்கிறோமே, அங்கிருந்து. ஈரத்தில் லிப்பேஸ் நொதி எண்ணெயை உடைக்கிறது, பூஞ்சையும் கூடச் சேருகிறது. செக்குக்குப் போகுமுன்பே எண்ணெய் கெட்டுவிடுகிறது. சேகரித்த அன்றே மெல்லிய பரப்பாய்க் காயவையுங்கள். வேப்பங்கொட்டையை மட்டும் நிழலில், ஏனெனில் அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பூச்சிக்கொல்லிப் பொருள் வெயிலில் சிதையும். பருப்பு வளையாமல் படக்கென்று ஒடிந்தால் மூட்டை கட்டலாம்.

அமிலம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனையும் எளிது. 2.82 கிராம் எண்ணெயைச் சூடான நடுநிலை ஆல்கஹாலில் கலக்கி, நிறங்காட்டியான பினால்ஃப்தலீன் இரு சொட்டு விட்டு, 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லியும் 1 சதவீத அமிலம்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பிண்ணாக்குக்கு நேரமில்லை. இலுப்பைப் பிண்ணாக்கில் சப்போனின் என்ற நச்சுப்பொருள் உண்டு, மாட்டுக்கு அப்படியே வைக்காதீர்கள் என்பதோடு விடுகிறேன். அலுவலர்களுக்கு ஒரே விண்ணப்பம்: எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லருக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் தவணையை, சேகரிக்கும் இடந்தோறும் சிமெண்ட் களமும் கூரையும் போட ஒதுக்குங்கள், இயந்திரம் அடுத்த தவணையில் வரட்டும்.