தரகருக்குக் கையெழுத்துப் போடும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். மஞ்சள் பைக்குள் நான்காக மடித்த பத்திர நகல் ஒன்று வைத்திருந்தார். தந்தை விட்டுச்சென்ற ஒன்றே கால் ஏக்கர் அவருக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் பொது. பெரியப்பா மகன் பாகம் கேட்டுத் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. "கமிஷனுக்கான ஒப்பந்தம்தான் அம்மா" என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் மூவரிடமும் கையெழுத்தும் கைரேகையும் வாங்கியிருக்கிறார் ஒரு தரகர். ஆறாவது பத்தியைப் படித்தேன்: "கிரயம் செய்து கொடுக்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்." அது தரகு ஒப்பந்தமே அல்ல, அவர்கள் சார்பில் நிலத்தை விற்கும் அதிகாரத்தைத் தரகருக்குக் கொடுக்கும் பவர் பத்திரம்!

தரகரின் வேலை ஆள் தேடித் தருவது. கையெழுத்தும் பணமும் உங்களிடமே இருக்கட்டும். பவர் கொடுத்துவிட்டால் அவர் வாங்கும் முன்பணம் நீங்கள் வாங்கியதாகவே சட்டம் கருதும்.

தரகு ஒப்பந்தம் வேண்டுமென்றால் தனியாக எழுதுங்கள். சர்வே எண், பரப்பு, குறைந்தபட்ச விலை, கெடு, வழக்கு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கிரயப் பத்திரம் பதிவான பிறகே தரகு என்றும் எழுதுங்கள். முன்பணம் வந்த அன்றே கமிஷன் கேட்பவர்கள் பலர். பங்காளிகள் எல்லாரும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட, கையெழுத்திட வேண்டும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி ஒரு பங்காளி தன் பங்கை மட்டுமே விற்க முடியும். அண்ணன் கையெழுத்து தங்கையின் பங்கைக் கட்டுப்படுத்தாது.

வழக்கை மறைக்கச் சொல்வார்கள். அதற்கு மட்டும் இணங்காதீர்கள். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். பின்னாளில் விஷயம் தெரிந்தால் வாங்கியவர் தரகரைத் தேட மாட்டார், உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"திரும்பப் பெற இயலாத பவர்" என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவுப்படி, அந்தச் சொத்திலேயே முகவருக்கு, அதாவது பவர் வாங்கியவருக்கு, உரிமை இருந்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கமிஷன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அத்தகைய உரிமை ஆகாது.

அந்த அம்மாவும் உடன்பிறந்தவர்களும் அதே அலுவலகத்தில் பவரை ரத்து செய்து பதிந்தார்கள். தரகருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பும் அனுப்பினோம். அவர் கையெழுத்திட்டுத் திரும்பி வந்த ஒப்புகை அட்டையை அம்மா அதே மஞ்சள் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பே தரகர் ஒருவரிடம் இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அதைத் திருப்பிக் கேட்கும் வக்கீல் நோட்டீஸ் அம்மாவின் பெயருக்குத்தான் வந்திருக்கிறது.

வணக்கம்.