பர்மிட் எங்கே?

நண்பர்களே, 'பணியிடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் பணி' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கே கொட்டாவி வருகிறது. அதனால் ஒரு பம்ப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1988 ஜூலை 6. பிரிட்டனின் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. அங்கே வாயுவிலிருந்து பிரிந்த திரவத்தைத் தள்ளும் இரண்டு பம்ப்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வேலை முடியவில்லை. வால்வு இருந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டு, பகல் ஷிப்ட் கிளம்பிவிட்டது. எதில் வேலை நடக்கிறது என்று எழுதி அனுமதி தருகிற தாளைத்தான் பர்மிட் என்பார்கள். பம்ப்புக்கு ஒரு பர்மிட், வால்வுக்குத் தனி பர்மிட். இரவு பத்து மணி நெருங்கும்போது இன்னொரு பம்ப் நின்றுபோனது. இரவு ஷிப்ட்காரர்களுக்கு வால்வு பர்மிட் இருப்பதே தெரியாது. வால்வு கழற்றிய பம்ப்பை ஓட்டினார்கள். கசிந்த வாயு வெடித்தது. கடலில் வேலை செய்யும் டைவர்களை உள்ளே இழுத்துவிடக் கூடாது என்று, கடல்நீரை உறிஞ்சும் தீயணைப்பு பம்ப்புகளைத் தானாக ஓடாதபடி மாற்றி வைத்திருந்தார்கள். பக்கத்து மேடைகளிலிருந்து எண்ணெயும் வாயுவும் வந்தபடியே இருந்தன. இறந்தவர்கள் 167 பேர்.

இதில் என் மனதை உறுத்துவது வேறு ஒன்று. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு அரசு இன்ஸ்பெக்டர் அந்த மேடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். பெரிதாக ஒன்றும் குறை சொல்லவில்லை. அந்தச் சோதனை மேலோட்டமானது என்று பின்னால் விசாரணை நடத்திய கல்லன் பிரபு எழுதினார். அந்த மனிதரை நான் திட்டப் போவதில்லை. அவரை அனுப்பியது எரிசக்தித் துறை. எண்ணெய் நிறைய வர வேண்டும் என்று தொழிலை வளர்க்கிற அதே துறை. மாப்பிள்ளை வீட்டுக்காரரையே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொன்னால் என்ன சொல்வார்?

இத்தனைக்கும் கரையில் இருந்த தொழிற்சாலைகளைப் பார்க்க பிரிட்டனில் 1975 முதலே தனி அமைப்பு இருந்தது. ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிக்யூட்டிவ், சுருக்கமாக எச்.எஸ்.இ. என்பார்கள். 1972-ல் ராபன்ஸ் பிரபுவின் குழு கொடுத்த அறிக்கை, அதை வைத்து 1974-ல் வந்த சட்டம், இரண்டிலிருந்தும் பிறந்தது. (வேல்ஸில் அபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தபோது நிலக்கரி வாரியத் தலைவராக இருந்தவர் இந்த ராபன்ஸ்தான். வரலாறு சில சமயம் இப்படியும் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது.) ஆபத்தை உண்டாக்குகிறவனே அதற்குப் பொறுப்பு என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. இன்ஸ்பெக்டர் முன்கூட்டிச் சொல்லாமலே உள்ளே நுழையலாம். திருத்திக்கொள் என்று நோட்டீஸ் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் தடை நோட்டீஸ் கொடுத்து அந்த வேலையை அங்கேயே நிறுத்தலாம். யாருக்கும் அடிபடும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தடை நோட்டீஸ்தான் அவர் பையில் இருக்கிற பெரிய ஆயுதம் என்பேன். வழக்கு என்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருவது.

சரி, கல்லன் என்ன செய்தார்? 1990-ல் 106 பரிந்துரைகள் கொடுத்தார், அரசு அத்தனையையும் ஏற்றது. கடல் மேடைகளைப் பார்க்கும் வேலை 1991-ல் எரிசக்தித் துறையிடமிருந்து எச்.எஸ்.இ.க்குப் போனது. அடுத்த ஆண்டு புது விதிகள் வந்தன. என் மேடையில் என்னென்ன பெரிய ஆபத்து உண்டு, அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறேன், தீப்பிடித்தால் ஆட்கள் எப்படித் தப்புவார்கள் என்று நிறுவனமே எழுதிக் காட்ட வேண்டும். அதை எச்.எஸ்.இ. ஏற்றுக்கொண்டால்தான் மேடை ஓடலாம்.

எழுதிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது, நல்ல கன்சல்டன்ட் கிடைத்தால் அழகாக எழுதிவிடுவாரே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் காகிதத்தைப் படித்த பிறகும் இன்ஸ்பெக்டர் ஹெலிகாப்டர் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. மேனேஜர் தருகிற காபியைக் குடித்துவிட்டு, இரவு ஷிப்ட் மாறும் நேரம்வரை அங்கேயே இருந்து, பொறுப்பேற்கிறவரிடம் கேட்க வேண்டும்: "இன்றைக்கு எதைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள்? அதற்கான பர்மிட் எங்கே?"