ஆடும் பூவும் ஓடும் காலும்

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாளில் காலையில் பூங்கா, மாலையில் மைதானம் என்று கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கானது இன்றைய பேச்சு. பூங்காவில் பொறுமை போதும், மைதானத்தில்தான் வேகம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பூ நின்ற இடத்தில் நிற்கிறதே என்பதுதான் அந்த நினைப்புக்குக் காரணம். ஆனால் பூ நிற்பதில்லை. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போது இதழ்களின் ஓரம் கரைந்து கிடப்பது அதனால்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பூவை அதன் உண்மை அளவில் பாதியாக, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும்படி நெருங்கி எடுக்கிறீர்கள். லேசான காற்றில் அது நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அசைந்தால், சென்சாரில் பிம்பம் நொடிக்கு 5 சென்டிமீட்டர் நகரும். இப்போது மைதானம். நொடிக்கு 8 மீட்டர் ஓடும் ஒருவர் உங்களுக்குக் குறுக்கே, 40 மீட்டர் தள்ளிப் போகிறார். 300 மில்லிமீட்டர் லென்ஸில் அவருடைய பிம்பம் நொடிக்கு 6 சென்டிமீட்டர் நகரும். ஐந்துக்கும் ஆறுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேமராவுக்கு அந்தப் பூவும் ஓர் ஓட்டக்காரர்தான்.

ஷட்டரை 1/125 நொடி மட்டும் திறந்து அந்தப் பூவை எடுத்தால் பிம்பம் 0.4 மில்லிமீட்டர் இழுபடும். சென்சாரின் ஒரு புள்ளி 4 மைக்ரான், அதாவது 0.004 மில்லிமீட்டர், அகலம் என்று வைத்துக்கொண்டால், 100 புள்ளி அகலத்துக்கு இதழ் தேய்ந்துபோகிறது. 1/1000 வைத்தாலும் 12 புள்ளி தேயும். ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது மட்டும் போதாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது அல்லவா? பூவும் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் அப்படி நிற்கிறது. நாலைந்து ஆட்டம் சும்மா பார்த்து, அதன் தாளம் பிடிபட்ட பிறகு, அந்தத் திருப்பத்தில் அழுத்துங்கள். உயரம் தாண்டுபவர் கம்பிக்கு மேல் இருக்கும் கணமும், கூடைப்பந்துக்காரர் எம்பிய உச்சியும் இதே போன்றவைதான். நடு ஓட்டத்தில் 1/1000 கேட்கும் உடல், அந்த உச்சியில் 1/500-க்கே அடங்கிவிடும்.

இனி பூங்கா. போகவேண்டிய நேரம் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம். ஒளி மென்மை என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரி. ஆனால் அதைவிட முக்கியமான காரணம் காற்று. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய் அப்படியே படுத்துக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மேலும் கீழும் புரளத் தொடங்கும், செடிகள் ஆடத் தொடங்கும். மேகம் மூடிய நாளில் இந்த நல்ல நேரம் இன்னும் நீளும். பூக்களுக்கு மேகமூட்டத்தைவிட நல்ல விளக்கு இல்லை. நிழல்கள் கரைந்து, இதழின் நரம்புகூடத் தெரியும்.

நெருங்கி எடுக்க மேக்ரோ லென்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் நீட்டிப்பு வளையம் ஒன்றைப் போட்டால் பாதி உண்மை அளவு கிடைத்துவிடும். ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாக ஒளி குறையும். ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகிறது என்று பொருள். இதில் தொல்லை என்னவென்றால், பூ லென்ஸிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இருக்காது, உங்கள் நிழலே அதன்மேல் விழும். இன்னொரு வழி, 200 மில்லிமீட்டர் லென்ஸின் முகப்பில் 2 டயாப்டர் திறன் கொண்ட குளோஸ்-அப் கண்ணாடியைத் திருகுவது. அரை மீட்டர் தள்ளி நின்றே 0.4 மடங்கு கிடைக்கும், ஒளியும் குறையாது. ஒற்றைக் கண்ணாடி வகை ஓரங்களில் நிறம் பிரிக்கும், ஆகவே இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வகையை வாங்குங்கள். தொடங்குகிறவர்களுக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். காரணம் தூரம் மட்டும் இல்லை, பின்னணியும்தான். பூ படத்தில் ஒரே அளவில் இருக்கும்போது, 50 மில்லிமீட்டர் லென்ஸ் அள்ளிக்கொள்ளும் பின்னணியின் அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் இந்த 200 மில்லிமீட்டர் லென்ஸ் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பின்னால் இருந்த குப்பைத்தொட்டி போய் இருண்ட புதர் வந்துவிடும்.

முதலில் பின்னணியைத் தேடுங்கள், பிறகு பூவைத் தேடுங்கள். அழகான பூவின் முன் உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருக்கும் வெள்ளை வானத் துண்டும் பெயர்ப்பலகையும் கண்ணுக்கே படாது. நிழலில் இருக்கும் புதரையோ மரத்தின் அடிப்பகுதியையோ முதலில் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒன்றிரண்டு மீட்டர் முன்னால் நிற்கும் பூவைப் பாருங்கள்.

கூர்மையாக விழும் ஆழம் எவ்வளவு என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சாரில், பாதி உண்மை அளவில், லென்ஸின் துளையைக் குறிக்கும் எஃப் எண்ணை 8-இல் வைத்தால் சுமார் 3 மில்லிமீட்டர். எண் கூடினால் துளை சுருங்கி ஆழம் கூடும், எஃப் 16 வைத்தால் 6. எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடினாலும், சிறு துளையில் ஒளி வளைந்து விரிவதால் படம் முழுக்க மென்மையாகிவிடும். அதனால் துளையைச் சுருக்கிக்கொண்டே போவதைவிட, சென்சாரைப் பூவின் முக்கியமான தளத்துக்கு இணையாகப் பிடிப்பதே மேல். தட்டையாக விரிந்த பூவென்றால் நேர் எதிரே, குழல் வடிவப் பூவென்றால் பக்கவாட்டில்.

கையில் பிடித்து எடுக்கும்போது பூ ஆடுவது ஒரு பக்கம், நம் உடல் முன்னும் பின்னும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அசைவது இன்னொரு பக்கம். மொத்த ஆழமே அவ்வளவுதான். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் ஒரு தூரத்தில் வைத்துவிட்டு, உடலை மெதுவாக முன்னே சாய்த்தபடி ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். மைதானத்துக்கு என்று வைத்திருக்கும் தொடர் ஷட்டர் இங்கேதான் முதலில் கைகொடுக்கும்.

சிவப்புப் பூவில் பலர் ஏமாறுகிறார்கள். கேமராத் திரையில் அழகாகத் தெரியும், ஆனால் இதழில் நரம்பும் மடிப்பும் இல்லாமல் ஒரே சிவப்புப் பூச்சாக இருக்கும். சிவப்பு நிறத் தடம் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும், மூன்று நிறத்தையும் கூட்டிக் காட்டும் ஒளி வரைபடமான ஹிஸ்டோகிராம் அதைச் சொல்லாது. நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். சிவப்பு வலது சுவரில் முட்டினால் எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியை, மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். மஞ்சள் பூவில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து முட்டும். வெள்ளைப் பூ படத்தை நிறைத்தால் நேர் எதிர்: கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டாப் கூட்டவேண்டும்.

இலைகளின் மெழுகுப் பளபளப்பைக் குறைத்து உள்ளே இருக்கும் பச்சையை வெளிக்கொண்டுவர லென்ஸ் முகப்பில் மாட்டும் போலரைசர் கண்ணாடி நல்லது. அதைச் சுழற்றிப் பார்த்து, பளபளப்பு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை அது தின்றுவிடும். காற்று வீசும்போதும் மைதானத்திலும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். கழற்ற மறந்துவிட்டு ஒளி உணர்திறனைக் காட்டும் ஐ.எஸ்.ஓ. எண் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று குழம்புவது அடிக்கடி நடக்கிறது.

மைதானத்தில் எங்கே நிற்பது என்பதை லென்ஸ் தீர்மானிக்கட்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மில்லிமீட்டர் லென்ஸைப் படுக்கைவாட்டில் பிடித்தால், 20 மீட்டர் தூரத்தில் 2.4 மீட்டர் உயரம் படத்துக்குள் வரும். ஓர் ஆள் முக்கால் பங்கை நிரப்புவார். 40 மீட்டரில் அதே ஆள் பாதிகூட வரமாட்டார். கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஆகவே மைதானம் முழுவதையும் பிடிக்க ஆசைப்படாதீர்கள். கோல் கோட்டுக்குப் பின்னால், மூலைக் கொடிக்கும் கம்பத்துக்கும் நடுவே உட்கார்ந்து, உங்கள் பக்கம் வரும் ஆட்டத்தை மட்டும் எடுங்கள். முன்னேறி வருபவரின் முகமும் பந்தும் ஒன்றாகக் கிடைக்கும். முகமும் பந்தும் இல்லாத படத்தில் ஆட்டம் இல்லை. நேராக நம்மை நோக்கி ஓடிவருபவரின் பிம்பம் குறுக்கே அதிகம் நகராது என்பதால் ஷட்டருக்கு அங்கே சுமை குறைவு, ஃபோகஸுக்குத்தான் கஷ்டம்.

கிரிக்கெட்டில் தூரம் இன்னும் கொடுமை. எல்லைக்கோட்டுக்கு வெளியே, மட்டையாளரிடமிருந்து 65 மீட்டரில் நின்றால், 300 மில்லிமீட்டர் லென்ஸில் 5.2 மீட்டர் உயரம் படத்துக்குள் வருகிறது. மட்டையாளர் மூன்றில் ஒரு பங்குதான். ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராவில் அதே லென்ஸ் அவரைப் பாதி உயரத்துக்குக் கொண்டுவரும். சிறிய சென்சார் வைத்திருப்பவர்கள் இங்கே வருத்தப்படத் தேவையில்லை.

எங்கே நின்றாலும் முழங்காலிட்டு உட்காருங்கள். நின்று எடுத்தால் ஆட்டக்காரருக்குப் பின்னால் புல்தரை ஏறிவந்து அவரைக் குள்ளமாக்கும். தாழ்ந்தால் அவர் தலை தொலைவில் இருக்கும் மரவரிசைக்கு மேலே எழும், கால் தரையைவிட்டு எழும்பியதும் தெரியும். 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் 12 கேமராக்களை வரிசையாக வைத்துக் குதிரையின் ஓட்டத்தைப் பதிவுசெய்தார். நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையைவிட்டு விலகுகின்றனவா என்ற வாதத்துக்கு, ஆம், விலகுகின்றன என்று அந்தப் படங்கள் பதில் சொல்லின. காலுக்கும் தரைக்கும் நடுவே தெரியும் அந்த இடைவெளிதான் இன்றும் ஓட்டத்தின் அடையாளம்.

கேமராவைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். சில நிறுவனங்கள் இதை ஏ.எஃப்-சி என்கின்றன, சில சர்வோ என்கின்றன. நடுவே வேறொருவர் குறுக்கிட்டதும் ஃபோகஸ் அவர்மேல் தாவினால், பின்தொடரும் உணர்திறனை ஒரு படி குறையுங்கள். ஷட்டரையும் லென்ஸ் துளையான அபர்ச்சரையும் நீங்களே வைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வை மட்டும் தானியங்கிக்கு விடுங்கள். 6400-க்கு ஏறினாலும் பயப்பட வேண்டாம். துகள் துகளாக வரும் இரைச்சலைப் பின்னால் குறைக்கலாம், இழுபட்ட முகத்தைச் சரிசெய்ய வழியில்லை.

தொடர் ஷட்டரை நம்பிப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நொடிக்கு 10 படம், ஒவ்வொன்றும் 1/1000 நொடி என்றால், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கைத்தான் கேமரா பார்த்திருக்கிறது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 3.6 மீட்டர் போய்விடும். கண் பார்த்து விரல் அசைந்து ஷட்டர் திறக்கக் கால் நொடி ஆகும் என்றால் பந்து 9 மீட்டர் கடந்திருக்கும். மட்டையில் பந்து படுவதைப் பார்த்து அழுத்தினால் படத்தில் பந்து இருக்காது. மட்டை கீழே இறங்கத் தொடங்குவதுதான் உங்கள் சமிக்ஞை. பந்து உருண்டையாகத் தெரியவேண்டும் என்றால் ஷட்டரும் வேண்டும். 1/1000-இல் அது 36 மில்லிமீட்டர், அதாவது தன் அகலத்தில் பாதி, இழுபடும். 1/4000-இல் 9 மில்லிமீட்டர்.

இரவு ஆட்டத்தில் சில படங்கள் மஞ்சளாகவும் சில பச்சையாகவும் சில இருண்டும் வந்தால் கேமராவில் கோளாறு இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய வகை மைதான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. 1/1000 ஷட்டர் அந்தத் துடிப்பின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. துடிப்பைக் கணித்து உச்ச ஒளியில் ஷட்டரைத் திறக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு, மெனுவில் ‘ஃபிளிக்கர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை இங்கே அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை மேலிருந்து கீழாக மெதுவாகப் படிக்கிறது. அதனால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழும், வேகமாகச் சுழலும் மட்டை வளைந்துபோகும். ஃபிளாஷ் கூடவே கூடாது, ஆட்டக்காரரின் கண்ணில் அடிக்கும்.

நடத்தை பற்றியும் சொல்லியாக வேண்டும். பூங்காவில் பாதையைவிட்டு இறங்காதீர்கள், மறைக்கும் இலையைக் கிள்ளாதீர்கள், ஒதுக்கிப் பிடித்து எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். டிரைபாட் விரிக்கப் பல தோட்டங்களில் அனுமதி வேண்டும், வாசலிலேயே கேளுங்கள். சிறுவர் ஆட்டங்களில் ஏற்பாட்டாளரிடமும் பெற்றோரிடமும் கேட்காமல் லென்ஸை உயர்த்தவே கூடாது.

வீடு திரும்பியதும் பேட்டரியைச் சார்ஜில் போடும் முன்பே கேமராவின் அமைப்புகளை மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஓ.வின் உச்ச வரம்பைக் கீழே கொண்டுவாருங்கள். மைதான விளக்குக்காக நிலைநிறுத்திய வொயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, மறந்து விட்டுவிட்டால், மறுநாள் காலை வெள்ளைப் பூக்கள் எல்லாம் நீலம் பாய்ந்து வரும். தொடர் ஷட்டரை மட்டும் அப்படியே இருக்க விடுங்கள், பூங்காவில் காற்று காத்திருக்கும்.

நன்றி, வணக்கம்.