சொல்லில் சாதி எங்கே ஒட்டுகிறது?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒருவர் ஒரு சொல்லைச் சொல்கிறார். கேட்டவர், "இது சாதித் திமிர்" என்கிறார். சொன்னவர் உடனே அகராதியைக் கையில் எடுக்கிறார். "இதற்கு இதுதானய்யா பொருள், இதில் என்ன குற்றம்?" எதிராளியும் வேறோர் அகராதியை எடுக்கிறார். பிறகு சங்கப் பாட்டு வருகிறது, கல்வெட்டு வருகிறது, கடைசியில் வசவு வருகிறது. என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் அகராதியைச் சாட்சியாக அழைக்கலாம். அதையே நீதிபதி ஆக்குவதால்தான் பேச்சு ஒரு முடிவுக்கு வருவதே இல்லை.

'காலனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ரயில்வே காலனி, பேங்க் காலனி என்று ஊருக்கு ஊர் இருக்கின்றனவே, அவற்றில் யாருக்கு என்ன இழிவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விழுப்புரத்திலோ தர்மபுரியிலோ ஒரு கிராமத்தில் இறங்கி, "காலனிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்பே உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வருவாய்க் கணக்கில் அது ஒரே கிராமம். பேச்சிலோ 'ஊர்' தனி, 'காலனி' தனி.

இது எப்படி நடந்தது? ஊருக்கு வெளியே ஒதுக்கிய மனையில் அரசு வீடு கட்டிக் கொடுத்தது. 'ஆதிதிராவிடர் காலனி' என்று பலகை வைத்தது. நாளடைவில் பேச்சில் முன்பாதி உதிர்ந்தது. உதிர்ந்த பாதியின் பொருள் மட்டும் போகாமல், மிஞ்சிய பாதியில் போய் உட்கார்ந்துகொண்டது. சாதிச் சொற்களில் இது அடிக்கடி நடக்கிற காரியம். அகராதிக்காரர் வேரைப் பார்க்கிறார். பலகையும் தெருவும் அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

'சேரி'யும் இதே வழியில் வந்ததுதான். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 30 குடும்புகள் (ஊரின் தேர்தல் பிரிவுகள்), 12 சேரிகள் என்று அது பேசுகிறது. அந்த ஊர் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட ஊர். அந்தச் சேரிகளில் இருந்தவர்கள் பிராமணர்கள். ஆக, "சேரி என்றால் குடியிருப்பு, அவ்வளவுதான்" என்பவர் 10ஆம் நூற்றாண்டைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், இராசராசன் கொடுத்த ஊர்களில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி என்றும் வெட்டியிருக்கிறார்கள். பொதுச்சொல்லாக இருக்கும்போதே அதன் ஒரு கிளையில் தீண்டாமை ஏறிவிட்டது. பிற்காலத்தில் மற்ற கிளைகள் பட்டுப்போயின. இந்தக் கிளை மட்டும் நின்றது.

2023 நவம்பரில் 'சேரி மொழி' என்று எழுதிய ஓர் அரசியல் பிரமுகர், எதிர்ப்பு கிளம்பியதும், பிரெஞ்சில் அதற்கு அன்பு என்று பொருள் என்றார். சென்னையில் ஒருவரை மட்டம் தட்ட எழுதிய சொல்லுக்குப் பாரீசிலிருந்து பொருள் வரவழைத்தது நம் சொற்போர் வரலாற்றிலேயே புதிய உத்தி!

இனி இதற்கு நேர் எதிரான வகை. காலனியும் சேரியும் பிறக்கும்போது குற்றமற்றவை. 'சண்டாளன்' பிறந்ததே சாதிச் சட்டத்தில். மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் சூத்திரத் தகப்பனுக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்தவனைச் சண்டாளன் என்கிறது. அவன் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அந்தப் பெயர் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் இன்றைக்கும் ஒன்று. ஆனால் நம் ஊர்ப் பாட்டிகள் பேரனைப் பார்த்து, "அட சண்டாளா, பாலைக் கொட்டிட்டியே" என்பார்கள். மனு அவர்கள் நினைப்பிலேயே இல்லை. 2024இல் அந்தச் சொல்லை வைத்து ஓர் அரசியல் சர்ச்சை எழுந்தபோது, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

இங்கே இரு தரப்பும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். சொல்லை வைத்து ஆளை எடை போடுகிறார்கள். பாட்டியைச் சாதி வெறியர் என்பது அபாண்டம். அதே நேரத்தில், விஷயம் இன்னதென்று தெரிந்த பிறகும் மேடையேறி, "நான் பாவி என்ற பொருளில்தான் சொன்னேன்" என்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பாவி என்ற சொல் கைவசம் இருக்கும்போது இந்தச் சொல் எதற்கு?

அடுத்தது மேற்கோள். அப்பர் தேவாரத்தில் "ஆவுரித்துத் தின்றுழலும் புலைய ரேனும்" என்று வருகிறது. அவர்கள் சிவனடியார் ஆனால் நான் வணங்கும் கடவுள் அவர்களே என்று பாட்டு முடிகிறது. சமத்துவம் என்று ஒருவர் கொண்டாடுகிறார். 'ஆனாலும்' என்று பொருள்படும் அந்த 'ஏனும்' என்ற இடைச்சொல்லைப் பார், அதிலேயே இழிவு இருக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் பாட்டில் இருப்பவைதான். ஆனால் பாட்டை எடுத்துக் காட்டியவரையே சாதி வெறியர் என்று சாடுவது வேறு விஷயம். ஒரு சொல்லைச் சுட்டுவதும், அதே சொல்லால் ஒருவரைச் சுடுவதும் ஒன்றாகாது. தஞ்சைக் கல்வெட்டைப் பதிப்பிக்கிறவர் நாகரிகம் கருதித் 'தீண்டாச்சேரி'யை நீக்கிவிட்டால், சோழர் காலத்தில் தீண்டாமை இருந்தது என்பதற்கு இருக்கிற கல் சாட்சியும் போய்விடும்.

இன்னொரு பக்கம், "துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை" என்ற புறநானூற்று 335ஆம் பாட்டைக் காட்டி, பறையன் என்பது பெருமைக்குரிய பெயர், அதைச் சொன்னால் ஏன் கோபம் வருகிறது என்பார்கள். மாங்குடி கிழார் பாடிய அந்தப் பாட்டில் பெருமைதான், மறுக்கவில்லை. அதே புறநானூற்றின் 287ஆம் பாட்டில் "துடி எறியும் புலைய! எறிகோல் கொள்ளும் இழிசின!" என்ற விளியும் இருக்கிறதே. முதல் பாட்டை உரக்கப் படிப்பவர்கள் இதற்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

அந்தப் பெயரைச் சுமந்தவர்களே அதைப் பற்றி ஒரே கருத்தாக இருந்ததில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரால் தாழ்த்தினார்களோ அந்தப் பெயரோடுதான் உரிமை கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அயோத்திதாசப் பண்டிதருக்கு அது உடன்பாடில்லை. அந்த மக்கள் ஆதியில் பௌத்தர்கள், அது பகைவர் சூட்டிய பெயர், பௌத்தர்களை வீழ்த்தியவர்கள் இட்ட பெயர் என்பது அவர் வாதம். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் சொல்லாராய்ச்சி ஓயாமல் நடந்தது. இருவரும் நெருங்கிய உறவினர். சீனிவாசனின் சகோதரியைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார். ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்தச் சொற்போருக்கும் இன்றைய சண்டைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே எந்தப் பெயரோடு எழுந்து நிற்பது என்பதுதான் கேள்வி. எதிராளியை எந்தப் பெயரால் அடிப்பது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

பிறகு பெயர்கள் மாறின. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை அடுத்து, 1922இல் சென்னை அரசு பறையர், பஞ்சமர் என்பதற்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்பதை ஏற்றது. காந்தி பரப்பிய 'ஹரிஜன்' மரியாதைக்கென்று வந்த பெயர். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. 1982இல் மத்திய அரசே அலுவல் வழக்கில் அதைத் தவிர்க்கச் சொன்னது. 2017இல் உச்ச நீதிமன்றம், அது இன்று வசவாகவே புழங்குகிறது என்று பதிவு செய்தது. ஆக, நல்ல பெயர் வைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் செல்லாது. சான்றிதழில் இன்னும் 'ன்' விகுதியோடு பெயர் வருகிறதே என்று வட்டாட்சியரிடம் கோபப்படுவதில் பயன் இல்லை. பட்டியல் சாதிகளின் பெயர்ப் பட்டியல் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. அரசியலமைப்பின் 341ஆவது பிரிவுப்படி அதில் ஒரு பெயரை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். பள்ளன், குடும்பன், காலாடி முதலிய ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒன்றாக்க 2021இல் அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது.

அப்படியானால் அகராதியே வேண்டாமா? வேண்டும், படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் ஒரு சொல்லுக்கு எண்ணிட்டுப் பல பொருள் இருக்கும். சண்டைக்காரர்கள் தமக்கு வேண்டிய எண்ணை மட்டும் நகலெடுப்பார்கள். நீங்கள் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நூல் சுருக்கத்தைப் பாருங்கள். 'புறநா.' என்றிருந்தால் அது சங்கப் பாட்டின் பொருள். வட்டார வழக்கு, பேச்சு வழக்கு என்பதற்கான குறி இருந்தால் அது தொகுத்த நாளில் வாயில் புழங்கிய பொருள். அந்த நாளும் நூறாண்டுக்கு முன்பு. இன்றைய வழக்குக்கு 1992இல் முதலில் வந்து, பிறகு திருத்தப்பட்ட க்ரியா அகராதி பக்கத்தில் இருக்கட்டும். நிகண்டுகளை மட்டும் இந்த வழக்குக்கு இழுக்காதீர்கள். செய்யுள் எழுதுகிறவனுக்கு ஒரு பொருளுக்குப் பல சொல் எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. திவாகரம் என்ற நிகண்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயர் இருப்பதால் தெருவிலும் அவை ஒன்றாகவே இருந்தன என்று ஆகிவிடாது.

சட்டம் இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்க்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்லின் வேரைக் கேட்பதே இல்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதன் 3(1)(r) பிரிவு, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பது பற்றியது. 3(1)(s) பிரிவு அப்படிப்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பற்றியது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பள்ளன் என்பது ஒரு சாதியின் பெயர்தான், ஆனாலும் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அப்படி அழைத்தால் குற்றம். "உள்ள பெயரைத்தானே சொன்னேன்" என்ற வாதம் அதோடு முடிந்தது.

'பொதுப் பார்வை' என்பதில்தான் பல வழக்குகள் விழுகின்றன. பொது இடம் வேறு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் வேறு. 2008இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வீட்டு வாசலை உதாரணம் காட்டியது. தனியார் வீடுதான், ஆனாலும் வாசற்கதவில் நின்று திட்டினால் தெருவில் போகிறவருக்குத் தெரியும், ஆகவே பொருந்தும். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தால் பொருந்தாது. 2025 ஜனவரியில் திருச்சி மாவட்ட வழக்கொன்று இதனால்தான் ரத்தானது. சம்பவம் அலுவலக அறைக்குள் நடந்தது, சக ஊழியர்கள் வந்தது அதற்குப் பிறகு.

புகார் எழுதுகிறவர்கள் செய்கிற பெரிய தவறு நாகரிகம். "தகாத வார்த்தைகளால் திட்டினார்", "சாதியைச் சொல்லிக் கேவலமாகப் பேசினார்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த வார்த்தை என்று மனுவில் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை எளிது. காதில் விழுந்த சொல்லை, எவ்வளவு கூசினாலும், விழுந்தபடியே மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, அப்போது அங்கே நின்ற வெளியாள் யார் யார் என்பதும் வேண்டும். தன் சாதியை எழுதுகிற பலர், எதிரி பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் அல்லர் என்ற வரியை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வழக்கு ரத்தானதும் உண்டு. கைப்பேசியில் பதிவு இருந்தால் மூலக் கருவியை அழிக்காமல் வைத்திருங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி அதற்குச் சான்றும் கேட்பார்கள்.

முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. இது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை போக வேண்டும். முன்பு சொன்ன 3(1)(r), 3(1)(s) ஆகிய இரு பிரிவுகளுக்கும் 2016ஆம் ஆண்டு விதிகள் வைத்த நிவாரணம் 1 லட்சம் ரூபாய். அறிக்கை பதிவானதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை போனதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி.

ஒன்று மறக்கக் கூடாது. இந்தச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமே. முடிதிருத்தும் தொழில் சாதியின் பழைய பெயரால் ஒருவரைத் திட்டினால் இழிவு இழிவுதான். ஆனால் தமிழ்நாட்டில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் இந்தச் சட்டம் வராது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 352ஆவது பிரிவைத்தான் தேட வேண்டும். 'வண்ணான்' விஷயம் இன்னும் விசித்திரம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் அவர்கள் பட்டியல் சாதி, மற்ற இடங்களில் அப்படி இல்லை. அதே சொல்லை அதே வாய் அதே கோபத்தில் நாகர்கோவிலில் சொன்னால் ஒரு சட்டம், மதுரையில் சொன்னால் வேறொரு சட்டம். புகாரோடு நிலையத்துக்குப் போவதற்கு முன், பாதிக்கப்பட்டவருடைய சாதிச் சான்றிதழின் நகலை எடுத்து, அது எந்த வட்டத்தில் வழங்கியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.