முதல் டேக் போதும்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அக்கா, தம்பி, கொடை விழாவுக்கு வந்து பந்தல் நிறைய உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ச் சனங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'திரையில் பாயும் அதிரடி நாயகனிடம் நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது துணிச்சலா? பயிற்சியா?' இதுதான் இன்றைய தலைப்பு. பயிற்சியே என்று பேச வந்திருக்கிறேன். 19 வருடமாகப் பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் விழுவதையும் எழுவதையும் தினம் பார்க்கிறவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

எதிரணித் தம்பி மூன்று பேரை இந்த மேடைக்கு அழைத்து வந்தார். ஜாக்கி சான், மலையாள நடிகர் ஜெயன், டாம் குரூஸ். 'உயிரைத் துச்சமாக நினைத்தார்கள், டூப் போடாமல் பாய்ந்தார்கள், அதனால் நாயகர்கள் ஆனார்கள்' என்றார். கைதட்டலும் வாங்கினார். அதே மூன்று பேரையும் நான் என் பக்கம் கூப்பிட்டுக்கொள்கிறேன், நடுவர் அவர்களே.

முதலில் ஜாக்கி சான். ஏழு வயதில் ஹாங்காங்கில் ஒரு பீகிங் நாடகப் பள்ளியில் சேர்த்துவிடப்பட்ட பிள்ளை. ஏறக்குறைய பத்து வருடம் அங்கேதான் கிடந்தார். குட்டிக்கரணம், கையில் நிற்பது, கம்பு, பாட்டு என்று விடிந்தது முதல் இருட்டும் வரை பயிற்சி. அப்படித் தேர்ந்த மனிதர், 1980-களின் நடுவில் யுகோஸ்லாவியாவில் ஒரு படப்பிடிப்பில் மரக்கிளைக்குத் தாவினார். முதல் டேக் நன்றாகவே வந்தது. அவருக்குத் திருப்தி இல்லை. இன்னொரு முறை தாவினார். கிளை ஒடிந்தது. கீழே பாறை. மண்டையோடு உடைந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்துதான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

அடுத்து ஜெயன். கடற்படையில் வேலை பார்த்துவிட்டு நடிக்க வந்தவர். 1980 நவம்பர் 16, சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம். ஹெலிகாப்டரின் அடிக்கம்பியைப் பிடித்துத் தொங்கும் காட்சி. எடுத்த காட்சி இயக்குநருக்குப் போதுமாக இருந்தது. ஜெயன்தான் இன்னும் நன்றாகச் செய்கிறேன், மறுபடி எடுங்கள் என்று கேட்டார். அந்த ரீடேக்கில் ஹெலிகாப்டர் நிலைகுலைந்து தரையில் மோதியது. 41 வயது. கேரளத்தில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு தலைமுறையே கண் கலங்கும்.

தம்பி, இந்த இருவரையும் துணிச்சலுக்குச் சாட்சியாகக் கொண்டு வந்தீர்கள். நான் கேட்கிறேன், இரண்டு பேருக்கும் முதல் டேக்கைச் சரியாக முடித்துக் கொடுத்தது எது? வருடக்கணக்கான பயிற்சி. சரியாக வந்த பிறகும் 'இன்னொன்று' என்று கேட்டது எது? அதுதான் உங்கள் துணிச்சல். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தொழிலின் மேல் வைத்த ஆசையில் கேட்டார்கள். ஆனால் அந்த இரண்டாவது டேக்கைத்தான் நம் பிள்ளைகள் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பத்து வருடப் பள்ளியை யாரும் பார்ப்பதில்லை.

அக்கா வேறொன்று சொன்னார். நம்முடையது கட்டபொம்மன் மண், ஆகவே 'துணிந்தவனுக்குத் தூக்குமேடை பஞ்சு மெத்தை' என்றார். 1799-இல் கயத்தாற்றில் அந்த வீரன் தூக்குக் கயிற்றின் முன்னால் நிமிர்ந்து நின்றது மண்ணுக்காக. அந்தப் பழமொழியை ரீல்ஸுக்காக ஆற்றில் குதிக்கிற பதினாறு வயதுப் பையன் கையில் கொடுக்காதீர்கள் அக்கா. அவனுக்குக் கொடுக்க நம் பாட்டிமார் வேறொன்று வைத்திருக்கிறார்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே.'

அப்படி ஒரு பையன் என் பள்ளியில் இருந்தான். சித்திரை மாதம், தாமிரபரணியில் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. படித்துறைக்குப் பக்கத்துக் கல்மண்டபத்தின் மேலே ஏறிக் குதித்தான். நன்றாகத்தான் குதித்தான். கரையில் கைபேசியைப் பிடித்திருந்த கூட்டாளி, "ஏல, ரெக்கார்டு ஆவலை. இன்னொரு தடவ குதில" என்றான். இரண்டாவது தடவை தோள்பட்டை பாறையில் பட்டது. காறை எலும்பு இரண்டு துண்டு. தலை பட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையை என்னால் மைக்கில் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

பெங்களூருக்குப் பக்கத்தில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். 2016 நவம்பர். கன்னடப் படம் ஒன்றின் உச்சக்கட்டக் காட்சிக்காக ஹெலிகாப்டரிலிருந்து மூன்று பேர் தண்ணீரில் குதித்தார்கள். நாயகன் கரை சேர்ந்தார். கூடக் குதித்த அனில், உதய் என்ற இரண்டு நடிகர்கள் மூழ்கிவிட்டார்கள். நீச்சல் சரியாகத் தெரியாது என்று முன்னதாகத் தாங்களே சொன்னவர்கள். அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தவர்களிடம் துணிச்சல் குறைவென்று யார் சொல்ல முடியும்? துணிச்சல் இருந்தது. நீச்சல்தான் இல்லை.

இப்போது பக்கத்திலேயே வருகிறேன். நம் மாவட்டத்தில் வடலிவிளை என்ற ஊரில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள். பெண்களும் தூக்குகிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன். உருண்டைக் கல், வழவழவென்று இருக்கும், பிடிக்க விளிம்பே கிடையாது. பார்த்திருக்கிறீர்கள்தானே? எடுத்த எடுப்பில் யாரும் அதைத் தூக்குவதில்லை. உள்ளங்கையில் மண்ணைத் தேய்ப்பான். குந்த உட்கார்ந்து கல்லை உருட்டித் தொடைமேல் ஏற்றுவான். குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து, ஒரு மூச்சு வாங்கி எழுவான். நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏற்றி, அப்புறம்தான் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவான். போன வருடம் ஒரு பையனுக்குத் தொடை வரை வந்த கல் நெஞ்சுக்கு வரவில்லை. முகம் சிவந்து, கால் நடுங்குகிறது. கூட்டம் 'ஏத்து, ஏத்து' என்று கத்துகிறது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "இறக்கி வைல. கல்லு எங்கயும் போவாது."

அத்தனை பேர் நடுவில் அந்தப் பையன் இறக்கி வைத்தான். நடுவர் அவர்களே, அந்த இடத்தில் கல்லைத் தூக்குவதைவிட இறக்குவது கஷ்டம். பயிற்சி பெற்ற உடம்புக்குத்தான் தன் எல்லை தெரியும்.

புரூஸ் லீ அதைப் படுக்கையில் கற்றுக்கொண்டார். 1970-இல் ஒருநாள் உடம்பை இளக்கிக்கொள்ளாமல் எடை தூக்கினார். முதுகில் நரம்பு அடிபட்டது. இனிமேல் காலைத் தூக்கி உதைக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் படுத்திருந்தார். சும்மா படுக்கவில்லை. படித்தார், தன் கலையைப் பற்றிக் குறிப்புகள் எழுதிக் குவித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை மீட்டார். உலகமே கொண்டாடுகிற அவருடைய குங்ஃபூ படங்கள் அத்தனையும் அந்த அடிக்குப் பிறகு வந்தவை. நம் எம்.ஜி.ஆரும் அப்படித்தான். 1959-இல் சீர்காழியில் நாடக மேடையில் கால் முறிந்தது. கால் கூடும் வரை பொறுத்திருந்தார். அதற்குப் பிறகு எத்தனை வாள் சண்டை, எத்தனை சிலம்பம்!

டாம் குரூஸ் ஒடிந்த காலோடு ஓடினார் என்றீர்கள் தம்பி. உண்மைதான். 2017-இல் லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கணுக்கால் உடைந்தது. அவர் உடம்பில் கம்பிவடம் கட்டியிருந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்தக் கம்பியைக் கணினியில் அழித்துவிடுவார்கள். நம் பிள்ளை கண்ணுக்குப் படுவது தாவல் மட்டும்தான். கம்பியைக் கட்டிய ஆளும் தெரிவதில்லை, நூறு முறை ஒத்திகை பார்த்த ஸ்டண்ட் மாஸ்டரும் தெரிவதில்லை. ஆஸ்கர் அமைப்பு 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் காட்சிகளுக்கென்று தனி விருது கொடுக்கப் போகிறது. விருதின் பெயரிலேயே 'வடிவமைப்பு' என்ற சொல் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்து, அளந்து, கணக்குப் போடுகிற வேலைக்கு மரியாதை.

'பயிற்சி பெற்றவர்களும் சாகிறார்களே' என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் கார் கவிழும் காட்சியில் அனுபவமுள்ள ஸ்டண்ட் கலைஞர் ஒருவரை இழந்தோம். பயிற்சி இருந்தால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு தெரிந்தவருக்கே அது நடக்கிறது என்றால், ஒன்றும் தெரியாத பிள்ளையிடம் 'துணிந்து போ' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜிம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டையைக் கழற்றும் காட்சிக்கு முன்னால் சில நடிகர்கள் தண்ணீரைக் குறைத்து உடம்பை வற்ற வைக்கிறார்கள். அந்த உடம்பு சில நாள்கூட நிற்காது. அதை வருடம் முழுக்க வைத்திருக்க ஆசைப்பட்டு ஊசி போடுகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளே, என் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு உங்கள் அக்காவாகக் கேட்கிறேன், அது வேண்டாம்.

நான் முதல் மாதம் ஓட்டமோ தாவலோ சொல்லிக் கொடுப்பதில்லை. விழுவதைச் சொல்லிக் கொடுக்கிறேன். தாடையை நெஞ்சில் ஒட்டு. கையை நீட்டி ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். முதுகை வளை, தோளில் உருண்டு எழு. நின்ற இடத்திலிருந்து நூறு தடவை, அப்புறம் முழங்கால் உயரத்திலிருந்து, அப்புறம் இடுப்பு உயரம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். ஆற்றில் காறை எலும்பு உடைந்த அந்தப் பையன்தான் இப்போது தினமும் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் மைதானத்தில் எல்லாருக்கும் முன்னால் வந்து பாய் விரிக்கிறான். சின்னப் பிள்ளைகளுக்குத் தாடையை ஒட்டச் சொல்லித் தருவதும் அவன்தான். நாளைக்கும் விரிப்பான். இந்தப் பந்தலில் இருக்கிற தம்பி தங்கச்சிகள் யார் வேண்டுமானாலும் வரலாம்.

வணக்கம்.