நகல்கள் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழுதாகாத கணினியை இதுவரை எவரும் செய்ததில்லை. வட்டு கெடும், மின்சாரம் தடைப்படும், சாலை தோண்டும் இயந்திரம் கண்ணாடியிழைக் கம்பியை அறுத்துவிடும். அப்படியிருந்தும், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால், பெரும்பாலான நாள்களில் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இத்தகைய சேவைகள் கணக்கு விவரங்களை ஒரே கணினியில் வைத்திருப்பதில்லை. பல கணினிகளில் நகல்களாக வைத்திருந்து, ஒன்று படுத்துவிட்டால் மற்றொன்று வேலையை ஏற்றுக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

நகல் எடுப்பது எளிது. எல்லா நகல்களும் எப்போதும் ஒரே பதிலைச் சொல்லும்படி வைத்திருப்பதுதான் கடினம். உங்கள் கணக்கில் 500 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு வெள்ளியை வரவு வை என்று ஒரு கட்டளையும், இருப்பில் பத்து விழுக்காட்டைக் கூட்டு என்று மற்றொரு கட்டளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. கோலாலம்பூரிலுள்ள நகலுக்கு வரவு முதலில் வந்து சேர்ந்தால் அங்கே 660 வெள்ளி. பினாங்கிலுள்ள நகலுக்கு விழுக்காடு முதலில் வந்து சேர்ந்தால் அங்கே 650 வெள்ளி. இரண்டு கணினிகளும் பிழையில்லாமல்தான் கணக்கிட்டன, எதுவும் பழுதாகவும் இல்லை, ஆனாலும் பத்து வெள்ளி இடிக்கிறது. திருமண மண்டபத்தின் இரண்டு வாசல்களில் அமர்ந்து மொய் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. யார் முன்னால் வந்தாலும் கடைசியில் கூட்டுத்தொகை ஒன்றுதான். வங்கிக் கணக்கில் வரிசை மாறினால் தொகையே மாறிவிடும்.

இதன் வேரைப் பிடித்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட். தொலைவில் பிரிந்து கிடக்கும் கணினிகளின் கடிகாரங்களை நம்பி எது முந்தியது என்று முடிவு செய்ய இயலாது என்பதையும், ஒரே நிலையில் தொடங்கும் நகல்கள் ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் நிறைவேற்றினால் ஒரே நிலையில்தான் போய் நிற்கும் என்பதையும் 1978-இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார். ஆக, முதல் கட்டளை எது, இரண்டாவது எது என்பதில் நகல்களை உடன்பட வைப்பதே வேலை என்றாகிறது.

அந்த உடன்பாட்டுக்கு இரண்டு நகல்கள் போதா. இரண்டுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால், எதிரிலிருப்பது செத்துவிட்டதா, அல்லது உயிரோடிருந்தும் அதன் பேச்சு மட்டும் வந்து சேரவில்லையா என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. இரண்டும் தன்னையே வரிசையை முடிவு செய்யும் தலைமை என்று எண்ணிக்கொண்டு தனித்தனியே பணம் பட்டுவாடா செய்யத் தொடங்கினால், பிறகு அந்தக் கணக்கை நேர்செய்வது பெரும்பாடு. ஐந்து நகல்களை வைத்து, அவற்றில் குறைந்தது மூன்று எழுதிக்கொண்ட பிறகே ஒரு கட்டளை உறுதியானது என்று விதி வகுத்தால் நிலைமை மாறுகிறது. ஐந்தில் எந்த மூன்றை எடுத்தாலும், வேறெந்த மூன்றை எடுத்தாலும், இரண்டு குழுவிலும் பொதுவாக ஒன்றாவது இருந்தே தீரும். பழைய தலைமைக் கணினி விழுந்தபின் புதிதாகத் தலைமை ஏற்பது மூன்று நகல்களைக் கலந்து பார்த்தால், உறுதியான கட்டளை எதுவும் அதன் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு கணினிகள் ஒரே சமயத்தில் படுத்தாலும் சேவை நிற்காது.

பிரிந்து நிற்கும் சிறுபான்மை நகல்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் இதே விதிக்குள் அடங்கும். சிறிது நேரம் கழித்து முயலுங்கள் என்று செயலி சொல்லும்போது நமக்கு எரிச்சல் வருகிறது. தவறான இருப்பைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

பெரும்பான்மை விதியைப் பாதி மட்டும் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்தது நல்ல பாடம். பராமரிப்புப் பணியின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்த அதன் தரவு மையத்தின் இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. எஞ்சிய கண்காணிப்புக் கணினிகள் பெரும்பான்மை சேர்த்து, தரவுத்தளத் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றின. தலைமையை மாற்றியதில் பெரும்பான்மை இருந்தது. தரவை எழுதியதில் இல்லை. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்கை எட்டியிருக்கவில்லை. அந்த 43 நொடியின் விளைவைச் சரிசெய்ய 24 மணி நேரத்துக்கும் மேலாயிற்று.

மற்ற நகல்களின் ஒப்புதலுக்குக் காத்திருந்திருக்கலாமே என்று கேட்கலாம். காத்திருப்புக்கு விலை உண்டு. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலைவழி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அதே நீளக் கம்பியில் போய்வர மூன்றரை மில்லிநொடி, அந்தத் தாமதம் யாருக்கும் உறைக்காது. நகலை லண்டனில் வைத்தால், ஒவ்வொரு கட்டளைக்கும் நூறு மில்லிநொடிக்கு மேல் போய்விடும். பெரும்பான்மை நகல்களைப் பக்கத்து ஊர்களில் வைத்து, தொலைவிலுள்ளதைப் பின்தொடர விடுவது வழக்கமாகிவிட்டது இதனால்தான்.

இத்தனையும் செய்தாலும், ஒரே மென்பொருளை ஓட்டும் நகல்கள் ஒரே காரணத்தால் ஒன்றாகவே விழலாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், வழிகாட்டும் கருவி இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே நிரல். ஓர் எண் தனக்கு ஒதுக்கிய நினைவக இடத்தில் கொள்ளாமல் போன அதே பிழையால், நொடியில் பத்திலொரு பங்குகூட ஆகாத இடைவெளியில் இரண்டும் செயலிழந்தன. கிளம்பிய சுமார் 40 நொடிகளில் ராக்கெட் சிதறியது. அமெரிக்க விண்ணோடத்தில் நான்கு கணினிகளுக்கு ஒரு மென்பொருளும், ஐந்தாவதற்குத் தனியாக வேறு குழு எழுதிய மென்பொருளும் வைத்தார்கள். அவ்வளவு செலவு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. புதிய பதிப்பை எல்லா நகல்களிலும் ஒரே இரவில் ஏற்றாமல், ஒன்றில் ஏற்றிச் சில நாள் ஓடவிட்டுப் பார்த்து, பிறகு அடுத்ததில் ஏற்றுவது எந்த நிறுவனத்துக்கும் முடியும்.

நன்றி, வணக்கம்.